பூச்சிகள் காணும் நிறங்கள்

விளக்கில் வீழ்ந்து மாயும் விட்டிற்பூச்சியைப் பேதைமைக்கு உவமையாகக் கூறுவது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கம். ஒளியைக் கண்டதும் அறிவிழந்து பாயும் உயிர் என்றே அதனை நாம் எண்ணி வந்திருக்கின்றோம். மழை விட்ட மாலைகளில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதியோர மின்விளக்குகளைச் சுற்றிச் சுழன்று, இறகுதிர்ந்து வீழும் ஈசற் கூட்டத்தைக் காண்பவர்களும் அவ்வாறே கருதுவர். ஆயின், அப்பூச்சி எதைக் கண்டது? அதன் கண்ணுக்கு அவ்விளக்கு எவ்வாறு தோன்றியது? இவ்வினாக்களை எழுப்பாமலே அதற்குப் பேதைப் பட்டம் சூட்டிவிடுதல் நீதியாகுமா?

பூச்சிகளின் கண்ணைப் பற்றி மூன்றரை நூற்றாண்டுகளாக நடைபெற்று வரும் ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிப்போர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். மனிதனின் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு பூச்சியின் கண்ணை அளந்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தே போயினர். பூச்சிக்கு எது தேவை, அதனை அது எந்த வேளையில் நாடுகின்றது என்பதை அறிந்து, அவ்வேளையில் அதனிடம் வினவியவர்களே சரியான விடையைப் பெற்றனர். அந்த வரலாற்றில் ஒரு சிறு பங்கு சோழ நாட்டுக் கடற்கரையூராகிய தரங்கம்பாடியின் பெயருக்கும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒரு கண்ணிற் பல்லாயிரம்

ஆயிரங் கண்ணுடையான் என்று இந்திரனைப் புராணங்கள் கூறும். நம் சமையலறையிற் பறந்து திரியும் இலையானோ அவனையும் விஞ்சியது. அதன் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 3,000 சிற்றறைகள் உள்ளன. தேனீயின் ஒவ்வொரு கண்ணிலும் அவை 5,000க்கு மேற்பட்டவை. பெருந்தும்பிகள் சிலவற்றில் 28,000 வரை உள்ளன. இவ்வாறு பல சிறு கண்கள் கூடி ஒரு கண்ணாக அமைவதாற் பூச்சியின் கண்ணைக் கூட்டுக்கண் என்கின்றோம்.

1665ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக், தாம் அமைத்த நுணுக்குக்காட்டியில் ஈயொன்றின் தலையை வைத்துப் பார்த்து வியந்தார். இரு கண்களிலும் முத்துக்களைப் போல வரிசையாய் நின்ற அரைக்கோளங்களை எண்ணிக் கணக்கிட்டு, அவை ஏறத்தாழ 14,000 என எழுதிவைத்தார். அதே நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்து நாட்டில் வில்லைகளைத் தாமே கடைந்து நுண்ணுலகத்தைக் கண்ட லீவன்ஹூக், ஒரு பூச்சியின் கண்ணின் மேற்படலத்தைத் தனியே எடுத்து, அதனூடாக ஒரு மெழுகுவர்த்தியின் சுடரைப் பார்த்தார். ஒரு சுடருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிறு சுடர்கள் தலைகீழாகத் தோன்றின.

இங்கேதான் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியது. ஒரு பூவைப் பார்க்கும் வண்டு ஆயிரம் பூக்களைக் காண்கின்றது என்று பலர் நம்பினர். இன்றுங்கூடச் சில படங்களில் அவ்வாறே வரைந்து காட்டுகின்றனர். இதனைத் திருத்தியவர் ஜேர்மனிய உடற்றொழிலியல் அறிஞர் யோகான் மியூலர். 1826இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் கொடுத்த விளக்கம் இது: ஒவ்வோர் அறையும் தனக்கு நேரெதிரேயுள்ள சிறு பகுதியிலிருந்து வரும் ஒளியை மட்டுமே ஏற்கும். அந்த அறைக்கு முழுப் படமும் தெரியாது. ஒரு புள்ளி மட்டுமே தெரியும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அடுத்தடுத்து அமைந்தே ஒரு காட்சி உருவாகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள வெகுதூரஞ் செல்ல வேண்டியதில்லை. பத்திரிகையில் அச்சாகியிருக்கும் படமொன்றைப் பூதக்கண்ணாடியால் உற்றுநோக்குக. முகமாகவும் மரமாகவும் தோன்றியது, கரிய புள்ளிகளின் கூட்டமே என்பது புலப்படும். பத்திரிகைப் படம் எவ்வாறு புள்ளிகளால் ஆயதோ, அவ்வாறே பூச்சி காணும் உலகமும் ஆயது.

ஒவ்வோர் அறையின் அமைப்பையும் சுருக்கமாகக் கூறுவோம். வெளிப்புறத்தில் ஆறு பக்கமுள்ள ஒரு வில்லை. அதன் கீழ் ஒளியைக் குவித்து உட்செலுத்தும் பளிங்குக் கூம்பு. அதன் அடியில் ஒளியை உணரும் உயிர்க்கலங்கள் சில நெருங்கி நின்று, நடுவில் மெல்லிய கோல் போன்ற ஓர் உறுப்பை அமைக்கின்றன. தேனீயில் இக்கலங்கள் ஒன்பது. பக்கத்து அறையின் ஒளி உட்புகாதவாறு கரிய நிறப்பொருள் ஒரு திரைபோலச் சுற்றிலும் மறைக்கின்றது.

கூர்மையில் தாழ்வு, விரைவில் உயர்வு

இக்கண் நம் கண்ணளவு கூர்மையுடையதன்று. தேனீயின் கண்ணில் அடுத்தடுத்துள்ள இரண்டு அறைகள் நோக்கும் திசைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு பாகை வேறுபாடு உண்டு. நல்ல பார்வையுள்ள மனிதரோ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கையும் பிரித்தறிவர். ஆகவே நாம் பத்து முழத் தொலைவிலிருந்து இனங்காணும் பூவின் இதழ்களைத் தேனீ மிக அண்மையில் வந்த பின்னரே தனித்தனியாகக் காணும்.

வில்லைகளின் தொகையைப் பெருக்கினால் என்ன என்று மாணவர் வினவலாம். அதற்கு ஒளியின் இயல்பே தடையாகின்றது. மிகச் சிறிய துவாரத்தினூடே செல்லும்போது ஒளி சிதறிப் பரவும். வில்லை சிறிதாகுந்தோறும் அது தரும் புள்ளி மங்கிப் பரந்துவிடும். எனவே கூர்மையும் வேண்டும், கூட்டுக்கண்ணும் வேண்டுமாயின், வில்லைகள் பெரியனவாகவும் பலவாகவும் இருத்தல் வேண்டும். நம் பார்வைக்கு நிகரான கூர்மையைக் கூட்டுக்கண்ணாற் பெற வேண்டுமானால், அக்கண்ணின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றராவது இருக்க வேண்டுமெனக் கணக்கிட்டுள்ளனர். தலையின் இருமருங்கும் மாட்டுவண்டிச் சில்லின் அளவான கண்களைச் சுமந்துகொண்டு யார் நடமாடுவது?

கூர்மையில் இழந்ததைப் பூச்சி வேறு வகையில் ஈடுசெய்கின்றது. முன்னும் பின்னும், மேலும் கீழும் ஏககாலத்திற் பார்க்கும் ஆற்றல் அதற்குண்டு. விரைவிலும் அது நம்மை வென்றுவிடும். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவற்றை நாம் இடையறாத அசைவாகக் காண்கின்றோம். வேகமாகப் பறக்கும் ஈக்களின் கண்ணோ வினாடிக்கு 200க்கு மேற்பட்ட ஒளி மாற்றங்களைத் தனித்தனியே உணரவல்லது. அதற்கு நம் திரைப்படம் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்படும் அசையாப் படங்களின் வரிசையாகவே தோன்றும். நாம் ஓங்கும் கை இலையானுக்கு மெதுவாக இறங்கி வருவதுபோற் காட்சியளிக்கும். அடிப்பதற்கு முன் அது தப்பிவிடும் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

தேனீயிடம் கேட்ட கேள்வி

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். நிறத்தை அறிதல் என்பது ஒளியை அறிதலிலும் வேறானது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திற் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுவதுண்டு. அங்கே வெளிச்சத்தின் கூடுதல் குறைவு மட்டுமே பதிவாகின்றது. ஒரு பூச்சி நீலத்தையும் மஞ்சளையும் வேறுபடுத்தினால் மட்டும் அதற்கு நிறந்தெரியும் என்று முடிவு கட்டலாகாது. ஒன்று கூடிய வெளிச்சமுடையது, மற்றது குறைந்தது என்று மட்டுமே அது கண்டிருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற கண் மருத்துவ அறிஞர் கார்ல் வொன் ஹெஸ், தேனீக்களை இருண்ட பெட்டியில் அடைத்து, வெவ்வேறு நிற ஒளிகளைக் காட்டினார். அவை எப்போதும் வெளிச்சங் கூடிய பக்கத்தையே நாடின, நிறத்தைப் பொருட்படுத்தவில்லை. நிறக்குருடான மனிதனின் தெரிவை அவற்றின் தெரிவு ஒத்திருந்தது. ஆகவே தேனீக்களுக்கு நிறமே தெரியாது என்று அவர் முடிவுகூறினார்.

அக்காலத்தில் இளைஞராயிருந்த ஒஸ்திரிய விஞ்ஞானி கார்ல் வொன் பிரிஷ் இதனை ஏற்கவில்லை. தேனீக்களுக்கு நிறந்தெரியாதெனின், பூக்கள் இத்தனை வண்ணங்களோடு மலர வேண்டிய அவசியம் யாது என்று அவர் எண்ணினார். 1914ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பரிசோதனை இன்றும் மாணவர்க்கு ஒரு முன்மாதிரியாக விளங்குகின்றது. ஒரு மேசையின்மேல் வெண்சாம்பல் முதற் கருஞ்சாம்பல் வரை பலவகைச் சாம்பல் நிற அட்டைகளைப் பரப்பினார். அவற்றினிடையே ஒரேயொரு நீல அட்டையை வைத்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சிறு கிண்ணம் வைத்து, நீல அட்டையின் கிண்ணத்தில் மட்டும் சீனிப்பாகு ஊற்றினார். தேனீக்கள் வந்து உண்டு பழகின. பின்னர் அட்டைகளின் இடத்தை மாற்றி, எல்லாக் கிண்ணங்களையும் வெறுமையாக வைத்தார். தேனீக்கள் நேரே நீல அட்டையிற் போய் அமர்ந்தன. அவை வெளிச்சத்தின் அளவை மட்டுமே கண்டிருந்தால், நீலத்துக்குச் சமமான ஏதேனுமொரு சாம்பல் அட்டையில் ஏமாந்திருக்க வேண்டும். அவ்வாறு ஏமாறவில்லை.

ஹெஸ்சும் பொய் கூறவில்லை. அவர் கண்டதும் உண்மையே. ஆயின் பெட்டியில் அடைபட்ட தேனீக்குத் தப்பியோட வழி வேண்டும். வழி காட்டுவது வெளிச்சம். நிறத்துக்கு அங்கே வேலையில்லை. பசியோடு பூவைத் தேடும் தேனீக்கே நிறம் தேவைப்படுகின்றது. பிரிஷ் அந்த வேளையிற் கேட்டார். தேனீ விடை கூறிற்று. அவரது நெடுநாள் ஆராய்ச்சிகளுக்காக 1973இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நமக்குப் புலனாகாத நிறம்

பிரிஷ் மற்றொன்றையுங் கண்டார். சிவப்பு அட்டையிற் பழகிய தேனீக்கள் அதனைக் கரும்பலகை போன்ற கருநிற அட்டைகளோடு மயங்கின. நம் கண்ணைப் பறிக்கும் செந்நிறம் தேனீக்கு வெறும் இருள். ஆனால் நமக்கு இருளாகத் தோன்றும் வேறொரு நிறம் தேனீக்கு ஒளியாகத் தெரிகின்றது. வானவில்லின் ஊதாவுக்கு அப்பால் உள்ள ஊதாக்கடந்த கதிர்களே அது. எறும்புகள் இக்கதிர்களை உணர்வதை ஆங்கில அறிஞர் ஜோன் லபக் 1882இல் தமது நூலில் எடுத்துக்காட்டியிருந்தார். கூட்டுப்புழுக்களைச் சுமந்து சென்று இருளில் வைப்பது எறும்பின் இயல்பு. மனிதக் கண்ணுக்கு ஒளியே இல்லாத ஊதாவுக்கு அப்பாற்பட்ட பகுதியிலிருந்தும் அவை தம் கூட்டுப்புழுக்களை அவசரமாக அகற்றின. இங்கும் எறும்புக்கு முக்கியமான ஒரு காரியத்தைக் கொண்டே விடை பெறப்பட்டது.

நம் கண்ணில் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை அடுத்த பகுதிகளிற் கூர்மையாய் உணரும் மூன்று வகைக் கலங்கள் நிறத்தை அறியப் பயன்படுகின்றன. தேனீக்கும் மூவகையே. ஆனால் அதன் வரிசை ஊதாக்கடந்த கதிர், நீலம், பச்சை என அமையும். அளவிற் கூறின், அவை ஏறத்தாழ 344, 436, 544 நனோமீற்றர் அலைநீளங்களில் மிகக் கூர்மையாக உணர்கின்றன. ஆகவே தேனீயின் உலகம் நம் உலகிலிருந்து ஒரு நிறத்தைக் கழித்த உலகமன்று. வேறொரு முனையிலிருந்து எழும் வேறோர் உலகம்.

இதனாற் பூந்தோட்டத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. சூரியகாந்தியின் இதழ்கள் நமக்கு முழுமையும் மஞ்சளாகத் தோன்றும். ஆனால் இதழ்களின் நுனிப்பகுதி ஊதாக்கடந்த கதிர்களைத் திருப்பி அனுப்ப, அடிப்பகுதி அவற்றை உறிஞ்சிவிடுகின்றது. ஆகவே நடுவே கருவட்டமும் சுற்றிலும் வேறொரு நிறமுமாக அது தேனீக்குக் காட்சி தரும். தேன் இருக்குமிடத்தைச் சுட்டும் கைகாட்டி மரம் இது. நம் வீட்டு வேலியில் மலரும் செவ்வரத்தையோ தேனீயின் கண்ணுக்குப் பளிச்சிடுவதில்லை. இத்தகைய செம்மலர்கள் பலவற்றை நாடி வருவன சிவப்பை நன்கு காணும் தேன்சிட்டு முதலிய பறவைகளே.

எல்லாப் பூச்சிகளும் தேனீயைப் போன்றவை என்றும் கொள்ளற்க. வண்ணத்துப்பூச்சிகளிற் பல சிவப்பையும் காண்கின்றன. யப்பானில் கென்டாரோ அரிகாவா முதலிய ஆராய்ச்சியாளர்கள், சிறகுகளின் குறுக்கே நீலப்பச்சைப் பட்டையுடைய ஒரு வண்ணத்துப்பூச்சியின் கண்ணில் 15 வகை ஒளியுணர் கலங்கள் இருப்பதை 2016இல் வெளியிட்டனர். அதன் நெருங்கிய உறவினமொன்று இலங்கையின் மழைக்காடுகளிற் பறந்து திரிகின்றது. தும்பியின் செய்தியும் வியப்பிற்குரியது. 12 தும்பியினங்களை யப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, ஒளியுணர் புரதங்களை உண்டாக்கும் பரம்பரை அலகுகள் ஓரினத்தில் 15 முதல் 33 வரை இருத்தலை 2015இற் கண்டனர். இத்தனை வகை இருப்பதால் அத்தனை நிறங்களையும் அவை பிரித்தறியும் என்று கூறிவிட இயலாது. சில வகைகள் வானத்தை நோக்கும் மேற்கண்ணுக்கும், சில நிலத்தை நோக்கும் கீழ்க்கண்ணுக்கும் எனப் பிரிந்து பணியாற்றுகின்றன.

தரங்கம்பாடி வண்டு

இதுவரை கூறியன யாவும் பகற்பொழுதின் கதை. இரவில் நிறம் என்னவாகின்றது? நண்பகல் ஒளிக்கும் விண்மீன்களின் ஒளிக்கும் இடையே ஏறத்தாழ பத்துக்கோடி மடங்கு வேறுபாடு உண்டு. நிலவில்லா இரவில் மனிதர் நிறக்குருடர் ஆகிவிடுகின்றனர். மரம் தெரியும், அதன் பூ மஞ்சளா சிவப்பா என்பது தெரியாது. பூச்சிகளிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்நிலைதான் என்று எல்லோரும் கருதியிருந்தனர்.

இரவிற் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு ஒரு வசதி உண்டு. அவற்றின் கண்ணில் அறைகளுக்கிடையேயுள்ள திரை விலகி நிற்க, நூற்றுக்கணக்கான வில்லைகள் ஒன்றுகூடி ஒரே புள்ளியில் ஒளியைக் குவிக்கின்றன. இவ்வகைக் கண்ணின் அமைப்பை வியன்னா நகரத்து அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் 1891இல் விளக்கினார். மின்மினியின் கண்ணையே ஒரு வில்லையாகக் கொண்டு, சாளரமொன்றின் புகைப்படத்தையும் எடுத்துக்காட்டினார். இத்தகைய கண்ணையுடைய அந்துப்பூச்சியொன்று விண்மீன் ஒளியிலும் பூவின் நிறத்தை அறிகின்றதென 2002இல் அல்முட் கெல்பர் முதலியோர் நிறுவினர். தேனீயினத்தின் கண்ணிலோ ஒவ்வோர் அறையும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தன் சிறு வில்லை தரும் ஒளி மட்டுமே. எனவே தேனீயினத்துக்கு இரவில் நிறம் எட்டாக்கனி என்பதே கொள்கை.

இக்கொள்கையை அசைத்தது, பட்ட மரத்தைக் குடைந்து கூடமைத்து வாழும் ஒரு பெரிய வண்டு. வண்டென்று நாம் அழைத்தாலும் அது தேனீயின் உறவே. தச்சர்போல் மரத்தைத் துளைக்கும் இவ்வினத்தின் பல வகைகள் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளன. கூரை மரத்திலும் வேலிக்கதியாலிலும் அவை துளையிட்டு ரீங்காரம் செய்வதைப் பலரும் அறிவர். அவற்றுள் ஒன்றுக்கு விஞ்ஞான நூல்கள் இட்ட பெயர் சைலொகோபா திராங்கேபாரிகா என்பது. தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை ஆண்ட டென்மார்க்குக்காரர் அவ்வூரைத் திராங்கேபார் என்று வழங்கினர். டென்மார்க்கின் பெரும் பூச்சியியலறிஞர் பப்ரீசியஸ் 1804இல் இவ்வண்டுக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். ஒரு தமிழ் ஊரின் பெயர் இவ்வாறு உலகெங்குமுள்ள விஞ்ஞான நூல்களில் இடம்பெற்றது.

பெயரிட்டு இரண்டு நூற்றாண்டுகளின் பின்னரே இவ்வண்டின் பெருமை வெளிப்பட்டது. இந்திய ஆராய்ச்சியாளர்களான ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ் ஆகியோரும், சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரண்ட், அல்முட் கெல்பர் ஆகியோரும், மகாராட்டிர மாநிலத்தின் மேற்குத்தொடர்ச்சி மலையில் இவ்வண்டுகளை இரவிரவாகக் கண்காணித்தனர். தேனீயினங்களிற் சில அந்திப்பொழுதிலும் நிலவிலும் பறப்பதுண்டு. இவ்வண்டோ நிலவே இல்லாத இரவிலும் கூட்டை விட்டுப் புறப்பட்டு, மீண்டும் பிழையின்றி வந்து சேர்ந்தது.

அது நிறத்தை அறிகின்றதா என்பதை எவ்வாறு கேட்பது? உணவைவிட இரவில் அதற்கு மிகவும் தேவையானது தன் வீட்டு வாயில். ஆகவே கூட்டின் வாயிலருகே நிறந்தீட்டிய அடையாளங்களை வைத்து வண்டுகளைப் பழக்கினர். பின்னர் அடையாளங்களை மாற்றிவைத்து, வண்டு எதனை நாடுகின்றதெனப் பார்த்தனர். வெளிச்சத்தின் கூடுதல் குறைவினால் அன்றி, நிறத்தினாலேயே அது தன் வாயிலை அறிந்துகொண்டது. அதுவும் விண்மீன்களின் ஒளியில்! 2008இல் இம்முடிவு வெளியாயிற்று.

எட்டாக்கனி எவ்வாறு எட்டிற்று? இவ்வண்டின் வில்லைகள் பகலிற் பறக்கும் அதன் உறவினங்களின் வில்லைகளைவிடப் பெரியவை. ஆயினும் அது மட்டும் போதாதென்பதைக் கணக்குகள் காட்டின. எஞ்சியது மூளையின் செயலாகவே இருத்தல் வேண்டுமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தூறல் மழையில் நீர் சேர்ப்பவர் என்ன செய்வர்? ஒரு குடத்துக்குப் பதிலாகப் பல குடங்களை வைப்பர், நெடுநேரம் காத்திருப்பர். அதுபோல இவ்வண்டு அயலறைகள் பலவற்றின் செய்திகளை ஒன்றுசேர்த்தும், சற்று நீண்ட நேரத்துச் செய்திகளைத் திரட்டியும் நிறத்தைப் பிரித்தறிகின்றது போலும். அதற்குரிய விலையையும் அது கொடுக்க வேண்டும். காட்சியின் நுண்மையும் விரைவும் குறையும். எனினும் இருளில் வீடு திரும்பும் தாய்க்கு வாயிலின் நிறம் தெரிந்தாற் போதுமே!

நுளம்பும் நம் தோலும்

இத்தகைய ஆராய்ச்சி வெறும் அறிவுவேட்கைக்கு மட்டுமே உரியதென எண்ண வேண்டாம். டெங்கு நோயின் கொடுமையைக் கொழும்பு மக்கள் நன்கறிவர். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்காளாயினர். அதனைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. ஆகவே கண்ணின் துணையும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நுளம்புகளுக்குப் பல நிறங்கள் காட்டப்பட்டன. வெறுங்காற்றில் அவை எந்நிறத்தையும் பொருட்படுத்தவில்லை. மனிதர் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவைச் சிறிது கலந்ததும் நிலைமை மாறிற்று. சிவப்பு, செம்மஞ்சள், கறுப்பு, பசுநீலம் ஆகியவற்றை நோக்கி அவை பறந்தன. பச்சை, நீலம், ஊதா, வெள்ளை ஆகியவற்றை விட்டுவிட்டன. மனிதரின் தோல், கறுப்பாயினும் வெளுப்பாயினும், செம்மஞ்சளை அடுத்த ஒளியையே மிகுதியாக வெளிப்படுத்துகின்றது.

மூச்சுக் காற்றின்றிச் சோதித்திருந்தால், நுளம்புக்கு நிறத்தில் நாட்டமே இல்லையென்று முடிவு கட்டியிருப்பர். ஹெஸ்சுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்திருக்கும். வெளிர்நிற ஆடை ஓரளவு துணைசெய்யலாம். ஆனால் வளவிலே தேங்கிய நீரை அகற்றும் கடமைக்கு அது ஈடாகாது. பயிர்ச்செய்கையிலும் இவ்வறிவு பயன்படுகின்றது. பசை தடவிய மஞ்சட் பலகைகளைத் தோட்டத்தில் நாட்டி வெண் ஈக்களைப் பிடிப்பது, அவற்றின் கண்ணுக்கு மஞ்சள் மிகவும் உகந்த நிறமாயிருத்தலாலேயே.

விட்டிலின் மேல் வழக்கு

இனி, தொடக்கத்தில் விட்டிலின்மேற் சாட்டிய குற்றத்தை விசாரிப்போம். விரைவுப் புகைப்படக் கருவிகளால் விளக்கருகே பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2024இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேரே பாய்வதில்லை. தம் முதுகை விளக்கின் பக்கம் சாய்க்கின்றன. இரவில் நிலத்தைவிட வானமே ஒளி மிகுந்தது. ஒளியுள்ள பக்கம் மேற்பக்கம் என்று கொண்டு முதுகை அப்பக்கம் வைத்துப் பறந்தாற் சமநிலை தவறாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூச்சிகளைக் காத்து வந்த நல்ல விதி இது. அருகே ஒரு மின்குமிழ் எரியும்போதோ, மேற்பக்கம் எதுவென்பது குழம்பிவிடுகின்றது. முதுகைச் சாய்த்துச் சாய்த்து அது விளக்கையே சுற்றுகின்றது; விளக்குக்கு மேலே சென்றால் தலைகீழாகக் கவிழ்ந்து வீழ்கின்றது. எல்லாப் பூச்சிகளும் இவ்வாறு தடுமாறுவதில்லை. அலரிச் செடியில் வளரும் ஓர் அந்துப்பூச்சி இம்மயக்கத்துக்கு ஆளாகாது விளக்கைக் கடந்து சென்றதையும் அவர்கள் கண்டனர்.

ஆகவே விட்டில் காதலாலும் மாய்வதில்லை, பேதைமையாலும் மாய்வதில்லை. வானம் இருக்க வேண்டிய இடத்தில் நாம் மாட்டிய விளக்கினாலேயே அது மாய்கின்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இதற்குப் பரிகாரம் செய்வது கடினமன்று. வீட்டு முற்றத்து விளக்கின் ஒளி நிலத்தை நோக்கி மட்டும் விழுமாறு மேலே ஒரு மூடியிடலாம். நீலமும் ஊதாக்கடந்த கதிரும் மிகுந்த வெண்ணிற விளக்கைவிட, மஞ்சள் கலந்த விளக்குப் பொதுவாகக் குறைந்த பூச்சிகளையே ஈர்க்கும். ஆளில்லாத இடத்தில் விடிய விடிய எரியும் விளக்கை அணைத்துவிடலாம். மின்சாரக் கட்டணமும் குறையும். கடலை நோக்கிய சாளரங்களிற் பெருகும் ஒளிக்கு ஒரு திரையுமிடலாம். விண்மீன் ஒளியில் நிறங்கண்டு வீடு திரும்பும் ஆற்றல் பெற்ற உயிர்களுக்கு, அந்த விண்மீன் ஒளியை விட்டுவைப்பது நாம் செய்யக்கூடிய சிறிய உபகாரம்.

மாணவ மாணவியர் தாமே செய்து பார்க்கத்தக்க ஒன்றையும் கூறி அமைவோம். கும்பிடுபூச்சியொன்றைக் கண்டால், அதனைத் துன்புறுத்தாது, அதன் கண்ணைச் சற்று உற்றுநோக்குக. பச்சைக் கண்ணின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். நீங்கள் இடப்புறம் நகர்ந்தால் அப்புள்ளியும் நகரும். வலப்புறம் சென்றால் அதுவும் உடன்வரும். அது நம் கண்மணி போன்ற உறுப்பன்று. அக்கண்ணின் ஆயிரக்கணக்கான அறைகளுள் எவை உங்களை நேரே நோக்குகின்றனவோ, அவை உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஒளியை உட்கொண்டுவிடுவதாற் கருமையாகத் தோன்றுகின்றன. மற்றைய அறைகள் வேறு திசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சிறு பூச்சியை நாம் பார்த்திருக்கும் அதே கணத்தில், அதன் கண்ணில் எந்த மூலை நம்மைப் பார்க்கின்றது என்பதையும் அப்புள்ளி நமக்குக் காட்டிவிடும்.